ஊர் ஊராகப் போன சீட்டாட்டக்காரர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு காரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம், 1960ஐ ஒட்டிய ஆண்டுகள். ஓர் ஊரை விட்டால் அடுத்த ஊர் வர நூறு மைல் ஆகும். நடுவில் எண்ணெய்க் கிணறுகளும் மாட்டுப் பண்ணைகளும்தான். காருக்குள் மூன்று பேர். வழியெல்லாம் முந்தின இரவு ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. தங்குமிடம் சேர்ந்ததும் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். ஒரு கையில் ஆஸும் ராஜாவும், எதிர்க்கையில் ஜோடி ஜாக்கி. இந்த இரண்டும் மோதினால் நூறு தடவையில் எது எத்தனை தடவை ஜெயிக்கும்? கம்ப்யூட்டர் கைக்கு வராத காலம் அது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மூன்று பேர் டாயில் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம் என்று பெயர் வாங்கிய தாமஸ் பிரஸ்டன், கடற்படையில் இருந்ததால் 'செய்லர்' ஆன ராபர்ட்ஸ். மூவருக்கும் ஒரே முதல். யார் ஜெயித்தாலும் பொதுப் பையில் சேரும், யார் தோற்றாலும் அதிலிருந்தே போகும். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. பல ஆண்டுகள் அப்படியே ஓடியது. போக்கர் என்ற இந்தச் சீட்டாட்டத்தை ஆடியவர்களைப் பற்றி நான் படித்த எத்தனையோ சாகசக் கதைகளைவிட இந்த ஒரு விஷயம்தான் என் மனதில் ஆழமாக நிற்கிறது. எதிரே இருப்பவனை ஏமாற்றுவதே ஆட்டத்தின் பாதி. அந்த ஆட்டத்தை ஆடிப் பிழைத்தவர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் இவ்வளவு நம்பியிருக்கிறார்கள்.

பிரன்சன் சூதாடியாகப் போக வேண்டியவரே இல்லை. 1933இல் லாங்வொர்த் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கல்லூரியில் கூடைப்பந்தில் பெரிய பெயர். மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் கண்ணே அவர்மேல் விழுந்திருந்தது. கோடை விடுமுறையில் ஒரு ஜிப்சம் ஆலையில் வேலைக்குப் போனார். அடுக்கி வைத்திருந்த பலகைகள் சரிந்து காலில் விழுந்தன. கால் இரண்டு இடத்தில் முறிந்தது, கூடைப்பந்து அத்தோடு போயிற்று. முதுகலைப் பட்டம் வாங்கி, அலுவலக இயந்திரங்கள் விற்கும் வேலையில் சேர்ந்தார். விற்கப் போன இடத்தில் முதல் நாளே சீட்டாட உட்காரவைத்தார்கள். எழுந்தபோது பையில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இருந்தது. அப்புறம் எதற்கு வேலை?

ஆனால் அந்த வாழ்க்கை சுலபமாக இல்லை. டெக்ஸஸில் இந்த ஆட்டங்கள் சட்டவிரோதம். எங்கே ஆட்டம் நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். ஒரு கடையின் பின்னறையோ பண்ணையார் வீடோ, அடையாளம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உள்ளே போனால் ஜெயிக்க வேண்டும், அதுவும் திருட்டுச் சீட்டு, குறி போட்ட சீட்டு எல்லாவற்றையும் தாண்டி. ஜெயித்த பிறகு போலீஸிடம் சிக்கக் கூடாது. கடைசியில் அந்தப் பணத்தோடு கார் வரைக்கும் நடந்து போக வேண்டும். வாசலில் துப்பாக்கியோடு யாராவது காத்திருக்கலாம். சீட்டாடத் தெரிவது இந்தத் தொழிலில் நாலில் ஒரு பங்குதான். ஃபோர்ட் வொர்த் நகரின் எக்ஸ்சேஞ்ச் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது, உள்ளே வந்த ஒருவன் பக்கத்தில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றதை பிரன்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் நடந்த காலத்தில் யாரும் வெளியே பேசவில்லை. பேசினால் ஆபத்து. பெரிய ஆட்டக்காரன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் பண்ணையார் எதிரே உட்கார மாட்டார், திருடன் மட்டும் தேடி வருவான். அதனால் இந்தக் கதைகள் எல்லாம் பின்னால் சொல்லப்பட்டவை. சொன்னவர்களும் ஆடியவர்களேதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

ஜானி மாஸ் இவர்களுக்கு மூத்த தலைமுறை. 1907இல் பிறந்து டல்லஸ் நகரில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே ஏமாற்றுக்காரர்களிடம் அவர்கள் வித்தையைக் கற்றார். அதன் பிறகு, ஆட்டத்தில் யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலைக்கே அமர்த்தப்பட்டார். அவர் சொன்ன கதை ஒன்று. ஒரு வீட்டில் ஆடிக்கொண்டிருக்கிறார். கூரையில் ஒரு ஓட்டை, மேலே ஒருவன் இருந்து எல்லார் சீட்டையும் பார்த்துக் கீழே சைகை செய்கிறான். மாஸ் துப்பாக்கியை எடுத்து, "அவனைக் கீழே இறங்கச் சொல்" என்கிறார். வெறும் மிரட்டல் என்று மற்றவர்கள் நினைத்துவிட்டார்கள். அவர் மேலே பார்த்துச் சுட்டுவிட்டார். மேலே இருந்தவனுக்குப் பின்பக்கத்தில் காயம், உயிர் தப்பியது.

இன்னொரு கதை, கல்யாண இரவில் நடந்தது. ஆட்டத்தில் பணம் தீர்ந்துபோக, பக்கத்தில் இருந்த புது மனைவியின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிப் பந்தயத்தில் வைத்தாராம். ஜெயித்தும் விட்டாராம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பெண்ணின் கைதான் கண்முன் வருகிறது. அவர் பெயர் விர்ஜி. கடைசிவரை மாஸுடன் வாழ்ந்தவர். ஊர் ஊராகப் போனவர்களின் கதைகளில் வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த அளவுக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

சரி, எல்லாவற்றிலும் பெரிய கதைக்கு வருவோம். கிரேக்கத் தீவான கிரீட்டில் பிறந்து அமெரிக்கா வந்த நிக் டண்டோலோஸ், 'கிரேக்கர் நிக்' என்று புகழ்பெற்றவர். பந்தயத் தொகைக்கு எல்லையே இல்லாத ஆட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று அவர் லாஸ் வேகஸுக்கு வருகிறார். பென்னி பினியன் என்ற சூதாட்ட விடுதிக்காரர் தன் பழைய டெக்ஸஸ் நண்பர் மாஸுக்கு ஆள் அனுப்புகிறார். இருவரும் ஐந்து மாதம் ஆடுகிறார்கள். நாலைந்து நாளுக்கு ஒரு முறைதான் தூக்கம். மாஸ் தூங்கப் போனால் நிக் வேறு மேசைக்குப் போய் பகடை உருட்டுகிறார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. கடைசியில், பல லட்சம் டாலர் தோற்ற நிக் எழுந்து, "மிஸ்டர் மாஸ், உங்களை அனுப்பிவைக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார்.

எவ்வளவு அழகான கதை! ஆனால் இது நடந்ததாகச் சொல்லும் ஆண்டு 1949, இடம் பினியனின் ஹார்ஸ்ஷூ விடுதி. அந்த விடுதி திறந்ததே 1951இல். ஆண்டை மாற்றிச் சொல்பவர்கள் உண்டு, தொகையும் சொல்பவருக்கு ஏற்றபடி மாறும். இருவரும் ஆடவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு பெரிய ஆட்டம் நடந்திருக்கலாம். ஆனால் இன்று நாம் கேட்கும் கதையால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். விடுதிக்காரருக்கு. சீட்டாட்டத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டம் வரும் என்பதுதான் கதையின் உயிர்நாடி, அதுதான் அவருடைய வியாபாரமும். நிக்கின் கடைசிக் காலம் அந்தக் கதையில் இல்லை. கலிபோர்னியாவின் கார்டினா ஊரில் அஞ்சு டாலர் ஆட்டத்தில் அவரைப் பார்த்தவர்கள் உண்டு. 1966 கிறிஸ்துமஸ் அன்று, கையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் இறந்தார்.

1970இல் பினியன் பழைய ஆட்டக்காரர்களைத் தன் விடுதிக்கு அழைத்து, உலகப் போக்கர் போட்டி என்று பெயர் வைத்தார். முதல் ஆண்டு வெற்றியாளரை ஆட்டத்தால் முடிவு செய்யவில்லை, ஓட்டு போட்டார்கள். எல்லாரும் தங்களுக்கே போட்டுக்கொண்டதாகவும், இரண்டாவது சிறந்தவர் யார் என்று மறுபடி கேட்டபோது மாஸ் பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். கோப்பை மாஸுக்கே கிடைத்தது.

நான் சொல்ல நினைத்தது 1972ஆம் ஆண்டுப் போட்டியைத்தான். நுழைவுப் பணம் 10,000 டாலர், ஆட வந்தவர்கள் எட்டுப் பேர். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். பிரன்சன், ஸ்லிம், பகி பியர்சன். வெளியே பத்திரிகைக்காரர்கள். ஜெயிப்பவர் படம் நாடு முழுக்க வரும். பிரன்சன் பாப்டிஸ்ட் கல்லூரியில் படித்தவர். சொந்த ஊரில் சூதாடி என்றால் திரும்பிப் பார்க்காத மனிதர்கள். தன் பெயர் அங்கே போய்ச் சேருவதை அவர் விரும்பவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி, பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லைகளான தன் சிப்புகளுக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். ஸ்லிம் ஜெயித்தார். அகலத் தொப்பியும் ஓயாத வாயுமாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் போனார். அதுவரை பின்னறையில் முணுமுணுத்த கதைகளை நாடே கேட்டது.

அதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பொதுப் பை காலியாகிவிட்டது. மூவரும் சேர்ந்து முதன்முதலாக லாஸ் வேகஸ் போனபோது மொத்தத்தையும் தோற்றார்கள். முதலுக்கே மோசம் வந்ததும் பிரிந்து தனித்தனியாக ஆடப் போனார்கள். ஆனால் நட்பு உடையவில்லை. 1975இல் உலகப் போட்டியை ஜெயித்தவர் செய்லர் ராபர்ட்ஸ்.

அடுத்த ஆண்டு பிரன்சன் எழுந்து போகவில்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு மேசையில் பொதுவாக விரிப்பார்கள். அதுதான் டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டம். கடைசி ஆட்டத்தில் பிரன்சன் கையில் பத்தும் ரெண்டும். எதிரே ஜெஸ்ஸி ஆல்டோ கையில் ஆஸும் ஜாக்கியும். மேசையில் முதல் மூன்று சீட்டு ஆஸ், ஜாக்கி, பத்து. ஆல்டோவுக்கு இரண்டு ஜோடி, ஏறக்குறைய ஜெயித்த மாதிரிதான். நாலாவது சீட்டு ரெண்டு. ஐந்தாவது பத்து. மூன்று பத்து, ஒரு ஜோடி ரெண்டு. இதற்கு ஃபுல் ஹவுஸ் என்று பெயர், இரண்டு ஜோடியைவிடப் பெரிய கை. பிரன்சன் ஜெயித்துவிட்டார்.

1977. மறுபடி பிரன்சன், மறுபடி கடைசி ஆட்டம். எதிரே கேரி பெர்லண்ட் கையில் எட்டும் அஞ்சும். பிரன்சன் கையில் அதே பத்தும் ரெண்டும். மேசையில் பத்து, எட்டு, அஞ்சு. மறுபடி எதிராளிக்குத்தான் இரண்டு ஜோடி. அடுத்தது ரெண்டு, கடைசியில் பத்து. அதே ஃபுல் ஹவுஸ்.

இதை ஒரு பின்னறைக் கதையாக யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் எல்லார் கண்முன்னும் நடந்தது. 2023 மே மாதம், 89 வயதில், பிரன்சன் இறந்தார். ஆடுகிறவர்கள் கையில் பத்தும் ரெண்டும் வந்தால் அதற்கு இன்றும் 'டாயில் பிரன்சன்' என்றே பெயர்.

வணக்கம்.