கடைசி அத்தியாயத்தை வெட்டச் சொல்லுகிற வேலை: இளையோர் நாவலும் எடிட்டிங்கும்

வணக்கம் உறவுகளே, எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? கொஞ்ச நாளாக நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டு எழுதுகிறீர்கள்: அக்கா, கதை எழுதுவதா உங்கள் வேலை, இல்லை மற்றவர்களின் கதையைத் திருத்துவதா? இரண்டும்தான். 14, 15 வயதில் இருந்து, ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற வயது வரைக்குமான பிள்ளைகள் வாசிக்கிற நாவல்களை எழுதுகிறேன். அதே வயதுக்காரருக்காக மற்றவர்கள் எழுதிக் கொண்டு வருவதை எடிட் செய்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இரண்டும் நடக்கிறது. இன்றைக்கு இந்த வேலை எப்படி நடக்கிறது, இதில் சாப்பிட முடியுமா, ஏன் யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று நினைக்கிறேன், எல்லாவற்றையும் கதைப்போம்.

முதலில் எங்கள் ஊரில் ஒரு புத்தகம் எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும். எழுதியவர் எழுதி முடிப்பார். நேரே பிறஸ்ஸுக்குக் கொண்டுபோவார். அங்கே பாமினி என்கிற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் டைப் செய்வார்கள், எழுதியவரே புரூப் பார்ப்பார், பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் அணிந்துரையும் வாழ்த்துரையும் வாங்குவார், 300 அல்லது 500 பிரதி அடிப்பார்கள், அப்புறம் வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, ஆசியுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வாங்குவது, பிறகு சிறப்புப் பிரதி வாங்குகிறவர்கள் ஒவ்வொருவராக என்வலப்போடு மேடைக்கு வருவது, நயப்புரை, கடைசியில் ஏற்புரை. அந்த என்வலப் காசில்தான் பிறஸ் கடன் அடைகிறது. இந்த முறையை நான் மதிக்கிறேன். இது இல்லாவிட்டால் இங்கே எத்தனையோ புத்தகங்கள் கொப்பியிலேயே கிடந்து செத்திருக்கும்.

ஆனால் பிள்ளைகளுக்கான நாவல் என்று வரும்போது இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மண்டபத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் 50, 60 வயதுக்காரர். புத்தகத்தை வாங்குகிறவர்களும் அவர்கள், பாராட்டுகிறவர்களும் அவர்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பிள்ளை அந்த நேரம் ரியூசனில் இருக்கிறது. எழுதுகிறவருக்கும் அது தெரியும், தெரிந்தோ தெரியாமலோ அந்த மண்டபத்துக்காகவே எழுதத் தொடங்குகிறார். கைப்பிரதி எழுதியவரின் கையை விட்டுப் பிறஸ்ஸுக்குப் போகிற வழியில், இது 16 வயதுப் பிள்ளையின் கையில் நிற்குமா என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்த இடத்தில் நிற்பதுதான் எடிட்டரின் வேலை. எழுத்துப்பிழை பார்ப்பது வேறு, அதை இங்கே பத்திரிகைகளில் ஒப்புநோக்குநர் என்று ஒருவர் செய்கிறார், அதுவும் முக்கியமான வேலைதான். ஆனால் எடிட்டர் என்றால் அவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.

சரி, கைப்பிரதி வந்ததும் நான் என்ன செய்கிறேன்? முதல் தடவை பேனை இல்லாமல் வாசிப்பேன். எங்கே போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியதோ அந்தப் பக்கத்தின் மூலையை மடிப்பேன், அவ்வளவுதான். பிறகு எழுதியவருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதுவேன். கதை உண்மையில் எங்கே தொடங்குகிறது, யாருடைய கதை இது, நடுவில் வருகிற சித்தப்பாவுக்கு என்ன வேலை, இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், அதை அடைய அது தானாக என்ன செய்கிறது. இதெல்லாம் முடிந்து எழுதியவர் மறுபடி எழுதிக் கொண்டுவந்த பிறகுதான் வரி வரியாக உட்காருவோம். எல்லாவற்றுக்கும் கடைசியில் புரூப். பல பேர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் போகப்போகிற ஒரு அத்தியாயத்துக்குக் கமா போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

எனக்கு வருகிற கைப்பிரதிகளில் திரும்பத் திரும்ப வருவது கடைசி அத்தியாயம். கதை நல்லாகப் போகும், அந்தப் பெடியன் ஓ.எல். சோதனையில் பெயிலாகிவிட்டு வீட்டுக்குச் சொல்லாமல் கடைக்கு வேலைக்குப் போவான், அந்த முதலாளியோடு சண்டை, தங்கச்சிக்கு மட்டும் விஷயம் தெரியும், அப்படி ஒரு உயிர் இருக்கும். கடைசி அத்தியாயத்தில் ஒரு சேர் வருவார், இல்லாவிட்டால் அப்பப்பா வருவார், கிணற்றடியில் வைத்து மூன்று பக்கத்துக்கு அறிவுரை சொல்லுவார், பெடியன் கண்கலங்கித் திருந்துவான். அந்த மூன்று பக்கத்தையும் நான் வெட்டச் சொல்லுகிறேன். கோபப்படுவார்கள், ஏனென்றால் அதை எழுதத்தான் அவர் புத்தகமே தொடங்கியிருப்பார். ஆனால் நாள் முழுக்க வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் அதையே கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, புத்தகத்திலும் அதே குரல் வந்தால் மூடிவைத்துவிடும். அவன் வீட்டுக்குத் தானே போய், தானே சொல்லட்டும். அப்பா என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. பிரச்சினையைத் தீர்க்கிற கை அந்தப் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். இந்த வகை நாவலில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று இதுதான்.

அடுத்தது உரையாடல். எங்களுக்கு இங்கே ஒரு செல்வம் இருக்கிறது. நீங்கள், நீர், நீ என்று மரியாதையில் மூன்று படி. ரியூசனில் பழகுகிற ஒரு பெடியனும் பெட்டையும் முதலில் நீங்கள் என்று கதைப்பார்கள், ஒரு நாள் நோட்ஸ் கேட்கும்போது நீர் வரும், அந்த நீர் வந்த பிறகு இரண்டு பேருக்கும் இடையில் எல்லாமே மாறிவிடும். நாங்கள் எல்லோரும் அதைக் கடந்து வந்தவர்கள்தானே. ஆனால் கைப்பிரதியில் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை நீ, நீ, நீ. சினிமாவில் கேட்டு எழுதியது அப்படியே தெரியும். இதைச் சுட்டிக்காட்டினதும் ஒரு தம்பி முழு நாவலையும் அந்த மூன்று படியை வைத்தே மறுபடி எழுதினார், காதல் என்ற சொல்லே தேவைப்படவில்லை. இன்னொரு விடயம், போறன், வாறன், சொல்லுறன் என்று உரையாடலை எழுதத் தொடங்கினால் கடைசி வரை ஒரே மாதிரி எழுத வேண்டும், அதற்கு ஒவ்வொரு நாவலுக்கும் தனியாக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், எந்தச் சொல்லை எப்படி எழுத முடிவெடுத்தோம் என்று அதில் குறித்துக்கொள்வோம்.

எதைப் பற்றி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்கு எழுதும்போது 1995 வலிகாமம் இடப்பெயர்வைத்தான் முதலில் எழுதுகிறார்கள். எழுத வேண்டும், அது எழுதி முடிகிற விடயம் இல்லை. ஆனால் இன்றைக்கு 15, 16 வயதில் இருக்கிறவர்கள் 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு யுத்தம் என்பது சுவரில் மாலை போட்ட ஒரு படம், அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால் அம்மா குசினிக்குள் எழும்பிப் போவது. அவர்கள் நின்று எழுதுகிற இடம் அது. அதோடு, வெளிநாட்டில் இருந்து மாமா போன் எடுக்கும்போது வீடு மாறுகிற விதம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் ஸ்கோர், லோன் காசு கேட்டு வாசலுக்கு வருகிறவர்கள், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு இருக்கிற அண்ணா. 17 வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் எழுதி அனுப்புகிறார்கள், வாசித்துவிட்டு இரவு நித்திரை வராது எனக்கு.

பிள்ளைகள் எழுதினால் எடுபடுமா என்று கேட்கிற பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண், தன் வயதுக்காரரின் உண்மையான வாழ்க்கையைச் சொல்லுகிற புத்தகம் கிடைக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு நாவலை எழுதத் தொடங்கினார். 1967இல் அது வெளியானபோது அவருக்கு 18 வயது. இளையோர் நாவல் என்ற தனி வகை அங்கே காலூன்றியதற்கு அந்தப் புத்தகத்தைத்தான் பலரும் காட்டுகிறார்கள்.

அடுத்து, எழுதுகிறவரே எடிட்டராகவும் இருக்கலாமா, இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்காதா? அமெரிக்க எழுத்தாளர் டேவிட் லெவிதனைப் பாருங்கள். 19 வயதில் ஸ்கொலஸ்டிக் பதிப்பகத்துக்குப் பயிற்சிக்குப் போனவர், அங்கேயே எடிட்டராக வளர்ந்தார், புதிய இளம் எழுத்தாளர்களுக்கென்று புஷ் என்ற வரிசையையும் அங்கே தொடங்கினார். ஒவ்வொரு வருடமும் காதலர் தினத்துக்கு நண்பர்களுக்காக ஒரு கதை எழுதுகிற பழக்கம் அவருக்கு, அப்படி எழுதின ஒன்று நீண்டுபோய்த்தான் 2003இல் அவருடைய முதல் நாவலாக வந்தது. 2016இல் இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கிடைத்தது. எடிட்டர் வேலையை விட்டுவிட்டு அவர் எழுத்தாளர் ஆகவில்லை.

ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திலேயே டொமினிக் ஜீவா இருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், சலூனில் தொழில் செய்தவர், தன் சிறுகதைத் தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு வாங்கினவர், 1966இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி 2012 வரைக்கும் கொண்டுபோனார். 2021 வரை வாழ்ந்தார். இதழை ஆசிரியரே கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்றார். எத்தனை பேரின் முதல் கதை அதில் வந்தது! நூலகம் என்ற இணையத்தளத்தில் மல்லிகையின் பழைய இதழ்கள் கிடக்கின்றன, காசு கட்டத் தேவையில்லை. எடிட்டிங் படிக்க விரும்புகிறவர்கள் வருட வரிசையில் இருந்து வாசியுங்கள். ஒரே எழுத்தாளர் முதல் கதையில் எப்படி இருந்தார், பத்தாவது கதையில் எப்படி ஆனார் என்று தெரியும். எனக்கு இந்த வேலையை எந்த வகுப்பையும்விட அதிகமாகக் கற்றுத்தந்தது அந்த வாசிப்புத்தான்.

சரி, காசு. அம்மா அப்பாமார் கேட்கிற கேள்வி இது, நியாயமான கேள்வி. இங்கே இளையோர் நாவல் எழுதி மட்டும் குடும்பம் நடத்த முடியாது. 300 பிரதி விற்று வருகிற காசு அடுத்த புத்தகத்தின் தாளுக்குப் போகும். 2022இல் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, அந்த நேரம் சின்னப் பதிப்பாளர்கள் பட்ட பாடு சொல்ல முடியாது. என்னுடைய வருமானம் பாடசாலை மலர்கள், வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் கைப்பிரதிகள், அப்புறம் ஒருவர் இறந்து 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டிக்குக் கொடுக்கிற நினைவு மலர்கள், இவற்றில் இருந்துதான் வருகிறது. நினைவு மலர் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் போய், 31 நாளுக்குள், அழுதுகொண்டிருக்கிற பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு அந்த அம்மாவின் வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுதுகிறோம். அவர் அதிகாலையில் எந்தச் சந்தைக்குப் போனார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்று கேட்க வேண்டும். ஆட்களைக் கேட்டு எழுதுவது எனக்குக் கைவந்தது அங்கேதான்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், நூலகங்களில் போட்டியும் கண்காட்சியும் நடக்கும். நூலகர்களுக்கும் ரீச்சர்மாருக்கும் நான் கேட்பது ஒன்றுதான்: அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்லுவதோடு சேர்த்து, அச்சுக்குப் போகாத ஒரு கைப்பிரதியைப் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, எங்கே அலுத்தது என்று மட்டும் கேளுங்கள். எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மரியாதைக்கு எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவார்கள். என் நாவல்களை நான் அப்படிக் கொடுத்துத்தான் அச்சுக்கு அனுப்புகிறேன். புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். எடுப்பது, கொழும்பில் தேசிய நூலகத்துக்கு விண்ணப்பிப்பது எல்லாம் பிறகு செய்யலாம், அதற்குப் படிவம் இருக்கிறது, நிரப்பினால் போதும்.

கடைசியாக, ஏ.எல். கலைப்பிரிவில் படிக்கிற ஒரு தங்கச்சி, தமிழைப் பாடமாக எடுத்தால்தான் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தா. இல்லையம்மா, எந்தப் பாடமும் எடுக்கலாம். இலக்கணம் தெரிய வேண்டும், அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். உன் வகுப்பில் யாராவது கதை எழுதினால் வாங்கி வாசித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லாமல், வாசிக்கும்போது எங்கே தடைப்பட்டு நின்றாய், எங்கே விறுவிறு என்று ஓடினாய் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடு. அவர்கள் அதை வைத்துத் திருத்தி எழுதினார்கள் என்றால் நீ எடிட்டர்தான். எனக்குக் கைப்பிரதி அனுப்ப விரும்புகிறவர்கள் முழுவதையும் எழுதி முடித்த பிறகு, முதல் மூன்று அத்தியாயத்தையும் ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கத்தையும் யூனிகோடில் அனுப்புங்கள். பாமினியில் இருந்து மாற்றி அனுப்புவதென்றால் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், எழுத்துகள் சிதறிப்போய் வருகின்றன. அணிந்துரை இப்போதைக்கு வேண்டாம். சரி, அடுத்த வீடியோவில் சந்திப்போம்.