சமையல்காரர் ஓடிய ஆயிரம் கெஜம்

[திரையில்: பிலிப்பைன்ஸ் வரைபடம். மணிலா விரிகுடாவுக்கு மேற்கே பட்டான் தீபகற்பம்.]

1942 ஜனவரி 16. பட்டானில் குலிஸ் என்ற ஊர் அருகே ஜப்பானியக் குண்டுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. பின்வரிசையில் ஒருவர் படையினருக்குச் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறார். பெயர் ஹோசே கலுகாஸ். பதவி, மெஸ் சார்ஜண்ட். அரிசி, அடுப்பு, பாத்திரம் எல்லாம் அவர் பொறுப்பு.

திடீரென்று முன்னால் ஒரு பீரங்கியின் சத்தம் நின்றுபோகிறது. அதை இயக்கியவர்கள் செத்துக் கிடக்கிறார்கள், அல்லது அடிபட்டுக் கிடக்கிறார்கள். அது இவருடைய பிரிவின் பீரங்கிகூட இல்லை. போகச் சொல்லி யாரும் உத்தரவிடவும் இல்லை. குண்டு விழும் வெட்டவெளியில் ஆயிரம் கெஜம், அதாவது ஏறக்குறைய 900 மீட்டர் ஓடுகிறார். அங்கே கிடைத்த ஆட்களைச் சேர்த்துப் பீரங்கியைச் சரிசெய்து திரும்பச் சுடுகிறார்.

சமையல்காரருக்குப் பீரங்கி எப்படித் தெரியும்? அதற்குப் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

[திரையில்: இலோயிலோ மாகாணம், லியோன்.]

கலுகாஸ் பிறந்தது 1907இல். பத்து வயதில் அம்மா போய்விட்டார். குடும்பத்துக்காக உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனார். 1930இல் பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் முகாமில் அவருக்குப் பீரங்கிப் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பி வந்து நோராவைக் கல்யாணம் செய்துகொண்டார். மெஸ் பொறுப்பு அப்புறம் வந்ததுதான்.

அவர் சேர்ந்த படையின் பெயரைக் கவனியுங்கள்: பிலிப்பைன் ஸ்கவுட்ஸ். வீரர்கள் பிலிப்பினோக்கள், ஆனால் படை அமெரிக்க ராணுவத்தின் நேரடிப் பகுதி. அப்போது பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தது. இந்தப் படைப் பெயர் கொஞ்ச நேரம் கழித்து நமக்குத் தேவைப்படும்.

பீரங்கியை மீட்டதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் 1942 பிப்ரவரியிலேயே அவருக்கு அறிவிக்கப்பட்டது. பதக்கம் கைக்கு வருவதற்குள் ஏப்ரல் 9 வந்துவிட்டது. அன்று பட்டான் வீழ்ந்தது. சரணடைந்த பிலிப்பினோ, அமெரிக்க வீரர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். சோறும் தண்ணீரும் கொடுக்காமல், வெயிலில் சுமார் 100 கிலோமீட்டர் அவர்களை நடத்திக் கூட்டிப்போனார்கள். பட்டான் மரண நடை என்று வரலாறு சொல்வது இதைத்தான். வழியில் பல ஆயிரம் பேர் செத்தார்கள். கலுகாஸ் பிழைத்தார்.

1943 ஜனவரியில் சிறை முகாமிலிருந்து எடுத்து அவரை ஓர் அரிசி ஆலையில் வேலைக்குப் போட்டார்கள். பகலில் ஜப்பானியருக்கு ஆலை வேலை. ரகசியமாகக் கொரில்லாப் படையில் உறுப்பினர். பதக்கம் கழுத்துக்கு வந்தது 1945இல்தான்.

[திரையில்: வாஷிங்டன் மாநிலம், டகோமா.]

பிறகு அமெரிக்கக் குடியுரிமை. 1957இல் கேப்டனாக ஓய்வு. குடும்பம் டகோமாவில் குடியேறியது. பள்ளியைப் பாதியில் விட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1961இல், புஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1998இல், 90 வயதில், அதே ஊரில் காலமானார். எனக்கு அந்த ஆயிரம் கெஜத்தைவிட இந்தப் பட்டம்தான் பெரிதாகப் படுகிறது.

சரி, அந்தப் படைப் பெயருக்கு வருவோம்.

அதே பட்டானில், அதே பசியோடு, கலுகாஸுக்குப் பக்கத்தில் நின்ற பெரும்பாலான பிலிப்பினோக்கள் ஸ்கவுட்ஸ் இல்லை. அவர்கள் பிலிப்பைன் காமன்வெல்த் படையினர், அதாவது பிலிப்பைன்ஸின் சொந்த ராணுவத்தினர். 1941 ஜூலையில் அதிபர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டு அவர்களை அமெரிக்கத் தலைமையின் கீழ் அழைத்துக்கொண்டார். போர் முடிந்தது. 1946 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது, அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். பெரும்பாலான சலுகைகளைப் பொறுத்தவரை இவர்கள் செய்தது அமெரிக்க ராணுவச் சேவையாகக் கருதப்படாது என்றது அந்தச் சட்டம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கையெழுத்தில் வெளியே. எந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தது என்பதே ஒரு குடும்பத்தின் அடுத்த ஐம்பது ஆண்டை முடிவுசெய்தது.

1990இல்தான் குடியுரிமைக் கதவு திறந்தது. சுமார் 26,000 பேர் போனார்கள். வயதைப் பாருங்கள், எல்லாரும் அறுபத்தைந்து, எழுபது. பிலிப்பைன்ஸ் வீடுகளில் தாத்தாவை லோலோ என்பார்கள். குடும்பத்தை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் லோலோக்கள் தனியாக விமானம் ஏறினார்கள். சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களில் பல பேர் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஏழை முதியோருக்கான அரசு உதவித்தொகை மட்டும் கிடைத்தது. அதிலும் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்தத் தொகைக்கும் ஒரு முடிச்சு: முப்பது நாளுக்கு மேல் அமெரிக்காவை விட்டுப் போனால் நின்றுவிடும். ஊரில் மனைவி படுத்த படுக்கையாக இருந்தால்கூடப் போய்த் தங்க முடியாது. 1999இல் ஒரு சட்டம் வந்த பிறகுதான், 75 சதவீதத் தொகையோடு ஊர் திரும்பலாம் என்றானது. திருமணமான பிள்ளைகளைக் கூப்பிடவோ இருபது ஆண்டுக்கும் மேல் நீளும் விசா வரிசை. லோலோவுக்கு அவ்வளவு காலம் ஏது? அந்த வரிசையில் இருப்பவர்களை முன்கூட்டியே வரவழைக்க 2016இல்தான் ஒரு தனி ஏற்பாடு வந்தது.

[திரையில்: இரண்டு எண்கள். 15,000. 9,000.]

2009இல் ஒரே ஒரு முறை பணம் கொடுத்தார்கள். அமெரிக்கக் குடிமகனுக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000. வாங்க வேண்டுமென்றால் அமெரிக்க ராணுவத்தின் ஆவணத்தில் பெயர் இருக்க வேண்டும். மறுபடியும் பதிவேடு! ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின.

தள்ளுபடியானவர்களில் ஒருவர் செலஸ்டினோ அல்மேடா. மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தார். 2017 அக்டோபரில் இந்த வீரர்கள் அனைவரையும் கௌரவித்து அமெரிக்க நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் வழங்கியது. அந்த விழாவில் அல்மேடா இருந்தார், வயது 100. பதக்கம் வந்துவிட்டது, அவருடைய விண்ணப்பம் மட்டும் அப்போதும் நிலுவையில் இருந்தது. 15,000 டாலர் அவர் கைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 101 வயதில்.