மலைமேல் மாளிகையில் இரண்டு மந்திரக்காரிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மந்திரம் கற்கும் இளம்பெண்களின் கதை என்றதும் ஒரு மந்திரப் பள்ளிக்கூடமும் தாடி வைத்த ஆசிரியரும் நினைவுக்கு வருவார்கள். ஜப்பானின் டைப்-மூன் நிறுவனம் 2012 ஏப்ரலில் வெளியிட்ட ‘மஹோட்சுகாய் நோ யோரு’வில் அதெல்லாம் கிடையாது. இது விஷுவல் நாவல். படமும் இசையும் ஓட, திரையில் வரும் எழுத்தைப் பொத்தானை அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டே போக வேண்டும்.

காலம் 1980களின் பிற்பகுதி. ஊர் மிசாகி. அவோசாகி அவோகோ பகலில் பள்ளியின் மாணவர் மன்றத் தலைவி. பள்ளி விட்டால் மலைமேல் ஒரு பழைய மாளிகை. அங்கே அவளுடைய தோழி குவோன்ஜி அலிஸ்தான் அவளுக்கு ஆசானும்கூட. குடும்ப வித்தைக்கு வாரிசாக வளர்க்கப்பட்டவள் அவோகோவின் அக்கா தோகோ. கடைசி நேரத்தில் தாத்தா மனம் மாறி, தங்கையைக் கைகாட்டிவிட்டார். ஒன்றுமே தெரியாமல் இருந்த பெண் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறாள். அவளுக்குச் சரியாக வருவது ஒன்றுதான்: எதையாவது தகர்ப்பது.

இந்தக் கதையில் மந்திரத்துக்கு உள்ள சட்டங்கள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தன. பணமும் நேரமும் செலவழித்தால் விஞ்ஞானத்தாலும் முடிகிற காரியம் வெறும் வித்தைதான். விரல்நுனியில் நெருப்பு வரவழைக்க எத்தனை வருடப் பயிற்சி! ஒரு லைட்டர் அதைச் செய்துவிடுகிறது. எதனாலும் முடியாததைச் செய்வதே உண்மையான மந்திரம். அப்படி உலகில் ஐந்தே ஐந்து. இன்னொரு சட்டம்: நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் வித்தையின் வலு குறைந்துவிடும். ஆகவே பார்த்தவனை உயிரோடு விடக்கூடாது.

பார்த்துவிடுகிறான் ஒருவன். மின்சாரமே எட்டாத மலையிலிருந்து நகரத்துக்கு வந்த ஷிசுகி சோஜூரோ, அவோகோவின் பள்ளியிலேயே சேர்ந்தவன். மூடிக்கிடக்கும் கேளிக்கைப் பூங்காவில் அவனைத் தீர்த்துக்கட்டத் துரத்துகிறாள் அவோகோ. நடுவில் அவோகோவின் எதிரி அனுப்பிய மந்திரப் பொம்மையொன்று பாய, துரத்தியவளும் துரத்தப்பட்டவனும் சேர்ந்து உயிருக்குப் போராட வேண்டியதாகிறது. அதற்குப் பிறகு அவனும் அந்த மாளிகைக்கே குடிவருகிறான். சொல்லப்போனால் சண்டைகளைவிட, மூவரும் ஒரே கூரையின்கீழ் முறைத்துக்கொண்டு காலம் தள்ளும் பக்கங்கள்தான் எனக்குச் சுவை. தொடக்க அத்தியாயங்கள் மெதுவாகத்தான் நகரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகை ஆக்கங்களில் வழக்கமாக வாசகர் வழியைத் தேர்ந்தெடுத்துக் கதையைத் திருப்பலாம். இதில், உபரியாக வரும் ஒரு துப்பறியும் அத்தியாயம் தவிர, அந்த வசதி இல்லை. குறை என்பார்கள். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. வாரிசுப் பொறுப்பு வேண்டுமா என்று அவோகோவை யார் கேட்டார்கள்?

எழுதியவர் நாசு கினோகோ. 1996லேயே நாவலாக எழுதி, அச்சேறாமல் வைத்திருந்த கதை இது. கோயாமா ஹிரோகாசுவின் ஓவியங்களில் குளிர்கால இரவுகளைப் பாருங்கள், நீலத்தில் இத்தனை வகையா என்று தோன்றும். முதல் பதிப்பில் குரல்கள் இல்லை. 2022 டிசம்பரில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கு வந்த பதிப்புகளில் குரல்களும் ஆங்கில எழுத்தும் சேர்ந்தன. அளந்து பேசும் அலிஸுக்குக் குரல் தந்திருப்பவர் ஹனசாவா கானா. வாய்ப்பிருந்தால் அந்தப் பதிப்பையே எடுங்கள்.

நன்றி, வணக்கம்.