அம்பாசடர் ஐடிலிங் இறங்கவே மாட்டேங்குதா? முதல்ல அந்த ஸ்க்ரூவை விடுங்க

வணக்கங்க. பின்னாடி ஒரு சத்தம் கேக்குதா? இருங்க, மைக்கைக் கிட்ட கொண்டு போறேன்... கேட்டீங்களா? ஆக்சிலேட்டர் மேல நான் காலே வைக்கலைங்க. வண்டி நியூட்ரல்ல நிக்குது, மீட்டர் நிமிஷத்துக்கு 1400 சுத்து காட்டுது. இப்படி காலை எடுத்தப்புறம் இன்ஜின் தானா ஓடுற வேகம்தான் ஐடிலிங். 750ல கம்முனு நிக்க வேண்டிய இன்ஜின் இது.

வண்டி நம்ம 1974 அம்பாசடர், மார்க் 2. பிஎம்சி பி-சீரிஸ் இன்ஜின், 1489 சிசி. இங்கிலாந்துல எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள முதல்ல உக்காந்திருந்தது இதே குடும்பத்து 1489 சிசி தான். அதுக்கு ரெண்டு எஸ்யூ (SU) கம்பெனி கார்பரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்குற சாமான், நமக்கு ஒண்ணு. அவ்வளவுதான் நம்ம ஏழ்மை.

போன மாசம் ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன், பேரு வேண்டாம். த்ராட்டில்னா இன்ஜினுக்குக் காத்து போற கதவு; அது முழுசா மூடாம தாங்கிப் புடிக்கிறதுதான் ஐடில் ஸ்க்ரூ. அதைக் கழட்டிட்டே போனாரு, இறங்கல. உடனே ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்குற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைப் பின்னாடி தள்ளிட்டாரு, அதாவது ஸ்பார்க் லேட்டா வரும். ஐடிலிங் இறங்கிடுச்சு, நானும் சந்தோஷமா காசு குடுத்துட்டு வந்தேன். மேட்டுல ஏத்தினா வண்டி இழுக்கல, சூடு வேற ஏறுது. நானே டைமிங்கைப் பழையபடி வச்சேன். திரும்பவும் 1400.

இங்க பாருங்க, ஐடில் ஸ்க்ரூ முனைக்கும் த்ராட்டில் லிவருக்கும் நடுவுல இந்தப் பேப்பர் தாராளமா போகுது. அதாவது ஸ்க்ரூ எதையும் தாங்கிப் புடிக்கல. இதுக்கு மேல அதைத் திருப்பினா என்ன, திருப்பாட்டி என்ன? இன்ஜினுக்கு வேகம் வேணும்னா காத்து வேணும். அந்தக் காத்து எங்கிருந்தோ வருது.

மொத சந்தேகம் சோக், குளிர்ல ஸ்டார்ட் பண்ண பெட்ரோலை ஜாஸ்தியாக்குறது. எஸ்யூல சோக்கை இழுத்தா பெட்ரோல் வர்ற ஜெட் கீழ இறங்கும், கூடவே ஒரு கேம் திரும்பி இன்னொரு ஸ்க்ரூவைத் தள்ளி த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கும். கேபிளை இழுத்து டைட்டா கட்டியிருந்தா, நாபை உள்ள தள்ளின பிறகும் கேம் தள்ளிக்கிட்டே இருக்கும். நம்மளுது அப்படித்தான் லேசா இருந்துச்சு. கொஞ்சம் தளர்த்திக் கட்டினேன். 1250. சரி, ஒரு திருடன் மாட்டிட்டான், பெரிய திருடன் வெளிய இருக்கான்.

அடுத்து மேனிஃபோல்டு (கார்பரேட்டர்ல இருந்து இன்ஜினுக்குப் போற குழாய்) கேஸ்கெட், கார்பரேட்டர் அடி கேஸ்கெட். இந்த ஜாயிண்டுல லீக் இருந்தா அது வழியா காத்து உள்ள வரும். நிறைய பேரு தீப்புடிக்கிற கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயை அடிச்சுப் பாப்பாங்க. இந்த இன்ஜின்ல அதை மட்டும் செய்யாதீங்க. சைலென்சருக்குப் போற மேனிஃபோல்டும் கார்பரேட்டரும் ஒரே பக்கம், ஒண்ணு மேல ஒண்ணு. நெருப்பு புடிக்க ஒரு செகண்ட் போதும். நான் செடிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டில்தான் வச்சிருக்கேன். ஜாயிண்டுல ஏர் புடிச்சா, தண்ணி பட்டதும் சத்தம் மாறும். மாறல.

இப்பதான் விஷயமே. த்ராட்டிலுக்குள்ள இருக்கிற வட்டத் தகடுதான் பட்டர்ஃபிளை, அது திரும்புற கம்பிதான் ஸ்பிண்டில். இந்த ஸ்பிண்டிலை மேலயும் கீழயும் ஆட்டுறேன் பாருங்க. டக், டக். அம்பது வருஷமா ஒரே ஓட்டைக்குள்ள திரும்பித் திரும்பித் தேஞ்சிருக்கு. ரெண்டு முனையிலயும் கெட்டியான கியர் ஆயில் ரெண்டு சொட்டு விடுறேன்... மீட்டரைப் பாருங்க! 900. ஆயில் இடைவெளியை அடைச்சுக்கிச்சு. இப்ப இன்ஜின் அதை உறிஞ்சிடும்... ஆ, ஏறுது, ஏறுது. 1250. மாட்டுனான்!

ஸ்பிண்டில் தேஞ்சா காத்து மட்டும் உள்ள வராது, பட்டர்ஃபிளையும் கோணலா உக்காரும், முழுசா மூடாது. அதோட விளிம்புக்கிட்டதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வாக்குவம் (உறிஞ்சல்) ஓட்டை. ஐடிலிங்ல அது மூடியிருக்கணும். கோணலா நின்னா திறந்துக்கும், டைமிங் தானா முன்னாடி போகும், வேகம் இன்னும் ஏறும். அந்தக் குழாயைக் கழட்டி அடைச்சுப் பாத்தேன், 100 குறைஞ்சுது. பாவம், அந்த மெக்கானிக் டைமிங்கைச் சந்தேகப்பட்டதுல அரை நியாயம் இருக்குங்க.

[கட்]

ரெண்டு நாள் ஆச்சு. நம்ம கோயம்புத்தூர்ல லேத்துக்கு என்னங்க பஞ்சம்? கார்பரேட்டர் பாடியைத் தொளை போட்டு கன்மெட்டல் புஷ் (தேஞ்ச ஓட்டைக்குள்ள போடுற உலோக வளையம்) அடிச்சு, புது ஸ்பிண்டில் போட்டாச்சு. மாட்டும்போது ஒண்ணு: பட்டர்ஃபிளை டிஸ்க்கோட ரெண்டு ஸ்க்ரூவையும் லூஸா விட்டு, த்ராட்டிலை முழுசா மூடுங்க, டிஸ்க் தானா நடுவுல உக்காரும், அப்புறம் இறுக்குங்க. ஸ்க்ரூவோட பிளந்த வாலை விரிச்சு விட மறந்துடாதீங்க. கழண்டா நேரா இன்ஜினுக்குள்ளதான் போய் விழும்.

ஸ்டார்ட் பண்ணி இருபது நிமிஷம் ஆச்சு, நல்லா சூடா இருக்கு. 750. ஐடில் ஸ்க்ரூ இப்ப சொன்ன பேச்சு கேக்குது. சூடு ஆறுறதுக்குள்ள மிக்சரை, அதாவது பெட்ரோல்-காத்து கலவையைப் பாத்துடலாம். கார்பரேட்டர்ல இருக்கிற இந்தச் சின்னக் கம்பியால (பின்) கார்பரேட்டருக்குள்ள இருக்கிற பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்குறேன். வேகம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி, ஆஃப் ஆகப் பாத்தா கம்மி, லேசா ஏறி திரும்ப இறங்கினா சரி. தூக்குறேன்... ஏறுது, ஏறுது, நின்னுடுச்சு. ஜாஸ்தி. கீழ இருக்கிற ஜெட் நட்டை, அதோட ஆறு பக்கத்துல ஒரு பக்கம் அளவுக்கு மட்டும் மேல திருப்பணும், அந்த ஸ்பேனரை எங்க வச்சேன்...