கொம்பு முனையை எண்ணினால் வயது தெரிந்துவிடுமா?

அவையோருக்கு வணக்கம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் இப்போது மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் நிலைமை வேறு. ஓநாயும் பூமா என்ற பெரும்பூனையும் அங்கே அநேகமாக அற்றுப்போய்விட்டன. வெள்ளைவால் மானின் பெருக்கத்தைப் பெரும்பாலும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்தான் கட்டுப்படுத்துகிறார். ஆகவே எந்த மானைச் சுடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அரசே விதியாக எழுதிவைக்கிறது. அந்த விதிகளில் சண்டை மூட்டிய ஒன்று கொம்பு விதி: கொம்பு இவ்வளவு வளர்ந்திருந்தால்தான் ஆண் மானைச் சுடலாம் என்பது.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். மூன்று அங்குல நீளத்தில் கிளைக்காத ஒரு குத்துக்கொம்பு இருந்தாலே அங்கே ஆண் மானைச் சுட்டுவிடலாம் என்றிருந்தது. அதன் பலன், சுடப்பட்ட ஆண் மான்களில் சுமார் 80 சதவீதம் ஒன்றரை வயதுக் கிடாக்கள். முதல் கொம்பு முளைத்த முதல் வேட்டைப் பருவத்திலேயே அவற்றின் கதை முடிந்தது. 2002-ல் விதி மாறியது. பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனையாவது இருக்க வேண்டும், மேற்குப் பகுதியில் நான்கு முனை. ஓர் அங்குலமாவது நீண்டிருந்தால்தான் முனை என்று கணக்கு. கொம்புத் தண்டின் நுனி மட்டும் எவ்வளவு குட்டையானாலும் ஒரு முனைதான்.

காகிதத்தில் இது சுலபமாகத் தெரியும். விடியற்கால அரையிருட்டில், புதருக்குள் தலை குனிந்து மேயும் மானிடம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். புருவத்துக்கு மேலே கொம்பின் அடியில் முளைக்கும் புருவமுனை பெரும்பாலும் காதுக்குள்ளும் மயிருக்குள்ளும் மறைந்துவிடும். நாலாவது முனை இருக்கிறதா இல்லையா என்று தடுமாறிச் சுட்டவர்கள் உண்டு. பிற்பாடு மேற்குப் பகுதியில் புருவமுனையைக் கணக்கில் சேர்க்காமல் மூன்று முனை என்று திருத்தினார்கள். களத்தில் கண்ணுக்குப் படாததை விதியில் எழுதிப் பயனில்லை.

விதி வேலை செய்ததா? செய்தது. அண்மை ஆண்டுகளில் அங்கே சுடப்படும் ஆண் மான்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இரண்டரை வயதும் அதற்கு மேலும் ஆனவை. ஆனால் அதே காலத்தில் பெண் மான்களைச் சுடும் அளவையும் கூட்டினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காட்டின் இளஞ்செடிகளை மொத்தமாக மேய்ந்து தீர்த்தது மந்தையின் மொத்த எண்ணிக்கைதான். ஆணின் வயதை மட்டும் கூட்டியிருந்தால் காட்டுக்கு ஒரு நன்மையும் வந்திராது. திட்டத்தை முன்னின்று நடத்திய உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகப் போய் விளக்கம் சொன்னார். எதிர்ப்பு பெரிதாக எழுந்தது கொம்பு விதிக்கு அல்ல, பெண் மான் வேட்டைக்குத்தான். 1907-லேயே பெண் மானைச் சுடாதே என்று சட்டம் போட்ட மாநிலம் அது. மூன்று தலைமுறைப் பழக்கம் ஒரு சுற்றறிக்கையில் போய்விடாது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். இளம் விலங்கைச் சுடாதே என்ற அறத்தைக் கொம்பு விதி காப்பாற்றுகிறது என்கிறார்கள். அப்படியில்லை. அது வயதை நேரே அளக்கவில்லை. வயதுக்குப் பதிலாக முனையை அளக்கிறது. ஒன்றரை வயதில் ஒரு மானுக்கு ஆறு முனை வருவதும் வெறும் குத்துக்கொம்போடு நிற்பதும் எதைப் பொறுத்தது? எந்த மாதம் பிறந்தது, தாய்க்குப் பால் இருந்ததா, மண் வளமா, தீனி கிடைத்ததா என்பதைப் பொறுத்தது. மே கடைசியில் பிறந்த குட்டிக்கும் ஆகஸ்டில் பிறந்த குட்டிக்கும் அடுத்த ஆண்டு கொம்பு ஒன்றாக இராது. குத்துக்கொம்பு பிறவிக் குறை என்று டெக்சாஸில் வெகுகாலம் வாதாடினார்கள். தெற்கு டெக்சாஸில் காட்டு மான்களைப் பிடித்து அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. முதல் ஆண்டில் சிறு கொம்போடு இருந்தவை நாலரை வயதில் மற்றவற்றை எட்டிவிட்டன.

முனை விதியின் கோளாறு மிசிசிப்பியில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1995-ல் அங்கே மாநிலம் முழுவதற்கும் மொத்தம் நாலு முனை என்று வைத்தார்கள். நாலு முனை என்பது தாழ்வான வேலி. நல்ல தீனி தின்று வேகமாக வளர்ந்த ஒன்றரை வயதுக் கிடாக்கள் முதல் ஆண்டிலேயே அதைத் தாண்டி, சுடத் தகுதி பெற்றுச் செத்தன. குறைவாக வளர்ந்தவை தப்பின. சில ஆண்டுகளில், மூத்த வயதில் எஞ்சி நின்ற மான்களின் கொம்பு முன்பைவிடச் சிறுத்துப் போனதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் மிசிசிப்பி முனையை விட்டுவிட்டு கொம்பின் அகலத்துக்கும் தண்டின் நீளத்துக்கும் மாறியது. டெக்சாஸ் 2002-ல் ஆறு மாவட்டங்களில் தொடங்கிய விதி என் பார்வையில் இன்னும் புத்திசாலித்தனமானது. கொம்புகளுக்கு இடையே உள்ளகலம் 13 அங்குலம் இருந்தால் சுடலாம்; அல்லது ஒரு பக்கமாவது கிளைக்காத கொம்பு என்றால் சுடலாம். 13 என்ற எண்ணை ஏன் பிடித்தார்கள்? மிரண்டு நிமிர்ந்து நிற்கும் மானின் இரு காது நுனிகளுக்கு இடையே ஏறத்தாழ அவ்வளவு தூரம். கொம்பு காதைத் தாண்டி வெளியே தெரிகிறதா என்று பார்த்தால் போதும், எண்ண வேண்டியதில்லை.

சரி, குட்டியைச் சுடுவது பாவமா? இங்கேதான் மனசும் கணக்கும் முட்டிக்கொள்கின்றன. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் மூஸ் என்ற பெரிய மானின் வேட்டையில் கன்றுகளுக்குப் பெரும் பங்கு ஒதுக்குகிறார்கள். காரணம் கொடூரம் அல்ல. பனிக்காலத்தில் சாகும் வாய்ப்பு கன்றுக்குத்தான் அதிகம். அதை எடுத்தால் மந்தைக்கு ஏற்படும் இழப்பு குறைவு. ஆண்டுதோறும் ஈனும் முதிர்ந்த பெண் மூஸை எடுத்தால் இழப்பு பல மடங்கு. ஒரே எண்ணிக்கையில் மூஸ் சுட்டாலும் கன்றாகச் சுட்டால் மந்தை நிலைக்கும், தாயாகச் சுட்டால் சரியும்.

அறம் அங்கே வரிசையில் இருக்கிறது: முதலில் கன்று, பிறகுதான் தாய். ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, குட்டிகள் தன்காலில் நிற்கும்வரை அவற்றை வளர்க்கும் தாயைச் சுடக் கூடாது என்கிறது. மீறினால் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஐரோப்பியச் செம்மானின் தாயிழந்த கன்று பின்தங்கிப் போகிறது. வெள்ளைவால் மானின் குட்டி பத்து வாரத்தில் அசைபோட்டு மேயத் தொடங்கிவிடும். நவம்பரில் தாய் போனாலும் பெரும்பாலும் பிழைக்கும். இனத்துக்கு இனம் நியாயம் மாறுகிறது.

நடைமுறையில் வழுக்குவது மொட்டுக்கொம்பன் விஷயத்தில். கொம்பில்லா மானைச் சுட அனுமதி வாங்கியவர், பெண் மான் என்று நினைத்து ஆறு மாத ஆண் குட்டியைச் சுட்டுவிடுவார். மயிருக்கடியில் இரண்டு குமிழ்தான் இருக்கும், தூரத்தில் தெரியாது. தெரிவது வடிவம். முதிர்ந்த பெண் மானின் உடல் நீளச் சதுரம், மூக்கு நீளம், காதுகளுக்கு நடுவே மண்டை வளைவு. குட்டியின் உடல் கட்டைச் சதுரம், மூக்கு குட்டை. ஆண் குட்டியானால் மண்டை தட்டை. மேய்ச்சலுக்குத் தன்னந்தனியாக முதலில் வெளிவரும் கொம்பில்லாத மான் பெரும்பாலும் இந்த அசட்டுத் துணிச்சல்காரன்தான். பக்கத்தில் இன்னொரு மான் வந்து நிற்கும்வரை, ஒப்பிட ஆள் கிடைக்கும்வரை, விசையில் விரலை வைக்கக் கூடாது. சுட்டபின் சந்தேகம் தீர்வது தாடையில்: கீழ்த்தாடையின் மூன்றாவது கடைவாய்ப்பல் மூன்று கூராக இருந்து, ஒரு பக்கம் ஆறு கடைவாய்ப்பல் முளைத்திருந்தால் ஒன்றரை வயது, ஆறுக்குக் குறைந்தால் அந்த ஆண்டுக் குட்டி, மூன்றாம் பல் விழுந்து இரு கூரோடு முளைத்திருந்தால் இரண்டரையோ அதற்கு மேலோ.

கடைசியாக, கொம்பு விதியின் ஆதரவாளர்களுக்கு ஒரு கேள்வி. ஒன்றரை வயது ஆண் மான்கள்தாம் பிறந்த இடம்விட்டுக் கிலோமீட்டர் கணக்கில் அலைபவை. மூளையை அரித்துக் கொல்லும் மான் தேய்வு நோய் முதிர்ந்த ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அலைபவனைக் காப்பாற்றி முதியவனாக்குவதுதானே இந்த விதியின் வேலை? மிசௌரி 2004-ல் 29 மாவட்டங்களில் நாலு முனை விதியைக் கொண்டுவந்தது. நோய் தென்பட்ட மாவட்டங்களில் அதே மாநிலம் அந்த விதியைத் தானே நீக்கிவிட்டது.