கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, வேண்டாம் என்றாலும் கேட்காமல் பொன்னாடை போர்த்திய பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, மழையிலும் நாற்காலி துடைத்துப் போட்ட நூலகர் அம்மையாரே, என் நேரத்தில் கால் மணியை எடுத்துக்கொண்ட தமிழாசிரியர் ஐயா அவர்களே, வணக்கம்.

வாழ்க்கைக்குப் பொருள் தருவது தொடுதலா, அனுபவமா என்பது தலைப்பு. தொடுதல், அனுபவம், முதுமை என்று மூன்றாகப் பிரித்து எழுதி வந்திருக்கிறேன். 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்ற குறளை ஐயா விளக்கிவிட்டார். எனக்கு என் பாட்டியின் பழமொழி போதும்: கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

நான் செவிலியராக இருந்தவள். 1994 ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. வார்டில், சூடு தரும் இன்குபேட்டர் பெட்டிக்குள் 1,200 கிராம் குழந்தை. தாய் அறுவை முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்தாள். புறங்கையால் குழந்தையின் பாதத்தைத் தொட்டேன். குடத்துத் தண்ணீர்போல் சில்லிட்டிருந்தது. வெளித்திண்ணையில் அதன் ஆச்சி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். உள்ளே விடக்கூடாது என்பது விதி. "ஆச்சி, வெற்றிலையைத் துப்பிவிட்டு, முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவி வாருங்கள்" என்றேன். குழந்தையை அவர் மார்போடு ஒட்டிப் படுக்கவைத்து, சேலையால் சுற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. பாதம் வெதுவெதுவென்று இருந்தது. ஆனால் ஆச்சி தரமாட்டேன் என்கிறார்! "உன் பெட்டியைவிட என் நெஞ்சு சூடு, போ" என்றார். காலையில் எனக்கு மெமோ. கிருமி வந்திருந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று பதில் எழுத ஆசை; வேலை போய்விடுமே என்று மன்னிப்புக் கேட்டேன்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், 1978-லேயே டாக்டர் எட்கர் ரே இதைத்தான் தொடங்கிவைத்தார் என்பது அன்று எனக்குத் தெரியாது. கங்காரு முறை என்று பெயர். 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. பிறந்தவுடனே, தாயையும் வார்டுக்குள் வைத்துக்கொண்டு இதைத் தொடங்கியபோது, எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆச்சிக்காக எனக்கு மெமோ எழுதியவர்கள் இதைப் படித்திருக்க வேண்டும்.

அனுபவத்துக்கு வர வேண்டும், மணியைப் பார்க்கிறார் தலைவர். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பச்சிளங்குழந்தை வார்டில் பெற்றவளுக்கு இன்றும் பல இடங்களில் முதுகில்லாத ஒரு ஸ்டூல்தான். தையல் போட்ட வயிற்றோடு அதில் எத்தனை மணி நேரம் பிள்ளையை நெஞ்சில் போட்டிருப்பாள்? தொட்டிலுக்கு ஒரு சாய்வு நாற்காலி. நான் கேட்பது அவ்வளவுதான். பேரூராட்சி உறுப்பினர் அவர்களே, பொன்னாடைக் காசை அதில் சேருங்கள்.

மனு நூலகர் மேசையில் இருக்கிறது. போன கூட்டத்தில் பேனா காணாமல் போனதால், இந்த முறை நூலில் கட்டிவைத்திருக்கிறேன்.