துடைப்பச் செடியும் ஒரு கைப்பிடி மண்ணும்

வணக்கம். டீ வருகிறது என்றார்கள், வரும்வரை பேசிக்கொண்டிருக்கிறேன்.

மிதவெப்பக் காடு, அதாவது குளிர்ப் பிரதேசக் காடு என்றால் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைப்போம். காட்டியல் அறிஞர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது, நம் நீலகிரிச் சோலைக்காட்டையும் ஈர மிதவெப்பக் காடுகளில்தான் சேர்த்தார்கள். இந்தக் குளிரை நம்பித்தான் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ச் செடிகளை இங்கே நட்டார்கள். அப்படி வந்து, இன்று நம் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்ட புதர்ச்செடிதான் ஸ்காட்ச் புரூம். அந்த ஊரில் இதன் குச்சியைக் கட்டித் துடைப்பமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். துவரைப் பூ மாதிரி மஞ்சளாய்ப் பூக்கும், பார்க்க அழகுதான். போட்டோ எடுக்காமல் யாரும் நகர்வதில்லை!

சரி, அழகை விடுங்கள். காய் முற்றினால் கறுத்துவிடும். வெயிலடிக்கும் மதியம் பக்கத்தில் நின்றால் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். விதையின் நுனியில் எண்ணெய்ப் பசையுள்ள சின்னத் துணுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு ஆசைப்பட்டு எறும்பு விதையையே இழுத்துக்கொண்டு போகும். விதைத்தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்துவிட்டு முளைக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புரூமை ஒழிக்க முதல் வருடம் ஒரு சரிவு முழுவதையும் கடப்பாறை, மம்பட்டியோடு புரட்டிப்போட்டோம். பெரிய சாதனை என்று நினைப்பு. அடுத்த மழைக்குப் போனால் கீரைப்பாத்தி விதைத்த மாதிரி புரூம் நாற்று! ஆழத்தில் தூங்கிய விதைக்கு நாங்களே வெளிச்சம் காட்டியிருந்தோம். அன்றைக்கு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் பிரித்தேன். முளைத்ததைவிட முளைக்காதது அதிகம்.

இப்போது முற்றிய செடியைக் கிளறுவதே இல்லை. காய் பிடிக்கும் முன், மண் காய்ந்திருக்கும் நாளில், தரையோடு ஒட்ட வெட்டுகிறோம். இளசை மட்டும் மழை ஈரத்தில் கையால் பிடுங்குகிறோம், வேர் அறாமல் வரும். அதே இடத்துக்கு வருடா வருடம் திரும்பிப் போகிறோம். ஒரே வருடத்தில் முடியும் திட்டத்துக்குப் பணம் தருகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடு.

சோலை ஓரத்தில் செஸ்ட்ரம் வேறு. ஆரஞ்சு நிறத்தில் குழல் குழலாகப் பூக்கும் புதர். பழத்தைத் தின்னும் பறவைகளே விதையைச் சோலைக்குள் கொண்டுபோய்ப் போடுகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் திடீர் வெளிச்சத்தில் களைதான் முந்தும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலக்க வேண்டும்.

அப்புறம் என்ன நடுவது? எல்லாரும் மரக்கன்றோடு வந்துவிடுகிறார்கள். புரூம் பிடித்த இடம் பெரும்பாலும் புல்வெளி, அங்கே மரத்துக்கு என்ன வேலை? திறந்த சரிவில் நட்ட சோலைக் கன்றை உறைபனியும் கருக்கிவிடும். கன்று சோலை ஓரத்துக்கு. சரிவுக்குப் புல்தான்: பக்கத்தில் நன்றாயிருக்கும் தூரிலிருந்து கொஞ்சம் பிரித்து, மழை தொடங்கியதும் நடுவோம். போட்டோவில் ஒன்றும் தெரியாது. ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்குக் கசியவிடுவதில் இந்தப் புல்வெளிக்குப் பெரிய பங்கு உண்டு.

டீ வந்துவிட்டது. நாளை காலை சரிவுக்கு வருகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். திரும்பும்போது ஷூவின் அடியில் ஒட்டிய சேற்றை அங்கேயே குச்சியால் சுரண்டிவிட்டு வண்டி ஏறுங்கள். அந்தச் சேற்றிலும் விதை இருக்கும்.